கயத்தாற்று அறிக்கை முதல் மின்னரசிதழ் வரை: சட்டம் சாற்றலும் சட்டம் சென்றடைதலும்

முன்னுரை

சட்டம் தனக்குத் தெரியாது என்று கூறி எவரும் தண்டனையிலிருந்து தப்ப இயலாது என்பது நீதிமன்றங்கள் அனைத்தும் ஏற்றுள்ள நெறி. இந்நெறி அறமாக நிற்க வேண்டுமாயின், சட்டத்தை அறிவதற்குரிய வழியை அரசு முதலில் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே, சட்டத்தை வெளியிடுதல் அச்சகப் பணி மட்டுமன்று. தண்டிக்கும் உரிமையின் அடித்தளமும் அதுவே.

சட்ட வெளியீட்டில் இருவேறு நோக்கங்கள் உள்ளன. இதுவே சட்டத்தின் உண்மைப் பாடம் என ஐயத்திற்கு இடமின்றி நிறுவுதல் ஒன்று. அப்பாடம் கட்டுப்பட வேண்டியவரிடம் சென்று சேர்தல் மற்றொன்று. முன்னதை ‘நிறுவுதல்’ எனவும் பின்னதை ‘சென்றடைதல்’ எனவும் இக்கட்டுரை குறிக்கின்றது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கயத்தாற்றில் 1799 இல் வெளியான அறிக்கையைத் தொடக்கமாகக் கொண்டு, இவ்விரு நோக்கங்களும் தமிழகத்தில் எவ்வாறு பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. நிறுவுதல் இரு நூற்றாண்டுகளில் வலுப்பெற்று வந்துள்ளது. சென்றடைதலோ நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும் கற்பிதமாகச் சுருங்கியுள்ளது என்பது இதன் கருதுகோள்.

1. சாற்றல்: சொல்லும் மரபும்

அரசாணையை மக்களுக்கு அறிவிக்கும் செயலைத் தமிழ், ஒலியோடு சேர்த்தே எண்ணியுள்ளது. ‘அறைதல்’ என்னும் வினை அடித்தலையும் சொல்லுதலையும் ஒருங்கே குறிக்கும். ‘பறைசாற்றுதல்’ என்னும் கூட்டுவினையும் அத்தகையதே. மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதை எனவே பெயர் பெற்றுள்ளது. இந்திரவிழாச் செய்தி யானைமீதேறி முரசறைந்து நகரோர்க்கு அறிவிக்கப்படுவதை அது காட்டுகின்றது.

ஒலி கேட்டவுடன் மறையும், எழுத்து நிற்கும். நிலைபேறு வேண்டிய ஆணைகள் ஆதலின் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டப்பட்டன. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபை கூடும் இடத்தின் சுவரிலேயே பொறித்துள்ளன. விதி எங்குச் செயற்படுமோ அங்கேயே அதன் பாடமும் நின்றது. எழுத்தறியாதார் பலராயினும், படித்துக் காட்டக் கேட்பதற்கும், ஐயம் எழுந்தவிடத்து மூலத்தைச் சுட்டுவதற்கும் அது இடமளித்தது. நிறுவுதலும் சென்றடைதலும் ஒரே கல்லில் ஒன்றியிருந்த நிலை இது.

2. கயத்தாறு, 1799

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் மேஜர் பானர்மேன், திருநெல்வேலிச் சீமையின் பிற பாளையக்காரர்களை அங்கு வருவித்து, அவர்கள் முன்னிலையில் விசாரணையையும் தண்டனையையும் நடத்தினார். அவ்வகையில் அத்தண்டனையே ஓர் அறிவிப்பாகத் திட்டமிடப்பட்டிருந்தது.

அடுத்த சில நாள்களுக்குள் எழுத்து வடிவ அறிக்கை ஒன்று வந்தது. பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். இனிக் கோட்டை கட்டுதலும் படைக்கலம் வைத்திருத்தலும் தண்டனைக்குரியன என்பன அதன் சாரம். இவ்வறிக்கையை உலோகத் தகடுகளில் பொறித்து, பாளையங்களில் மக்கள் பார்வை படும் இடங்களில் வைக்குமாறு செய்த ஏற்பாடு இங்குக் கருதத்தக்கது. கம்பெனி அப்போது அச்சு வசதி அற்றதன்று. ஆயினும், தாள் எட்டாத ஊரில் தன் ஆணை நிலைக்க வேண்டுமாயின் கல்வெட்டு, செப்பேட்டு மரபையே கைக்கொள்ள வேண்டும் என அது உணர்ந்திருந்தது.

இவ்வேற்பாட்டில் சென்றடைதலின் மூன்று கூறுகளைக் காணலாம். ஆணை செயற்படும் ஊரிலேயே அதன் பாடமும் நிற்பது இடக்கூறு. மழையிலும் வெயிலிலும் அழியாத பொருளில் அமைவது நிலைபேற்றுக்கூறு. மக்கள் பார்வையில் வைக்கும் தகடு மக்கள் மொழியில் அமைந்தாலன்றிப் பயன்படாது என்பது மொழிக்கூறு. ஆணையின் உள்ளடக்கம் அடக்குமுறையே என்பதில் ஐயமில்லை. இசைவு கேளாது திணிக்கப்பட்ட ஆணை அது. ஆயினும் கீழ்ப்படிதலை எதிர்பார்த்த அரசு, ஆணையைக் கீழ்ப்படிய வேண்டியவரின் ஊர்வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பைத் தானே ஏற்றது. மக்களாட்சியின் சட்டம் இதனினும் குறைந்த பொறுப்போடு நிற்கலாமா என்னும் வினாவை அத்தகடு எழுப்புகின்றது.

3. அறிக்கையும் எதிரறிக்கையும், 1801

ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அது வீழ்ந்தது. அடுத்த மாதம், ஜூன் 16 ஆம் நாளிட்ட மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டுக் காணப்பட்டது. நாவலந்தீவின் மக்கள் அனைவரையும் விளித்து அது எழுதப்பட்டிருந்தது. அரசின் ஆணை எங்கு வெளியிடப்படுமோ அத்தகைய பொதுவிடங்களையே எதிர்ப்பாளரும் தேர்ந்தனர் என்பது நோக்கத்தக்கது. பொதுவிடத்தில் ஓர் எழுத்தை நிறுத்துவது அதிகாரத்தைக் கோரும் செயல் என இரு தரப்பும் அறிந்திருந்தன.

சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 ஆம் நாள் வெளியிட்ட அறிக்கை, படைக்கலத் தடையைத் தென்னகப் பாளையங்கள் மீது விரிவாக்கியது. பொதுமன்னிப்பையும் நிலையான வரித்திட்டத்தையும் அது உறுதி கூறியது. மற்றொருபுறம், பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரே ஆவணங்களிலிருந்து நீக்கப்பட வேண்டும் எனவும் ஆணையிடப்பட்டது. ஆவணத்தில் எழுதும் அதிகாரமும் ஆவணத்திலிருந்து அழிக்கும் அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்த காலம் அது. அரசு ஆவணங்களின் படிகள் பலவிடங்களில் பரவியிருக்க வேண்டும் என்னும் இன்றைய கோட்பாட்டின் தேவையை இந்நிகழ்வு எதிர்மறையாக உணர்த்துகின்றது.

4. தொகுப்பும் அரசிதழும்

வங்காளத்தில் 1793 இல் காரன்வாலிஸ் வகுத்த ஒழுங்குமுறைச் சட்டங்களைத் தழுவி, சென்னை மாகாணத்தில் 1802 இல் ஒழுங்குமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் முதலாவது, இனி இயற்றப்படும் சட்டங்களை முறையான ஒரு தொகுப்பாக அமைப்பதற்கானது. ஜமீன்தாரி முறையை நிலைநாட்டிய 25 ஆம் சட்டமும் அவ்வாண்டிற்குரியதே. தளபதி ஒருவரின் அறிக்கை, ஆளுநரின் அறிக்கை எனச் சிதறிக் கிடந்த ஆணைகள் எண்ணும் ஆண்டும் பெற்று ஒரு வரிசைக்குள் வந்தன. நிறுவுதல் என்னும் நோக்கில் இது பெரிய முன்னேற்றம். எந்தச் சட்டம் நடப்பில் உள்ளது, எது நீக்கப்பட்டது என ஆராய இயன்றது.

1832 இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ் வெளிவரத் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு அரசிதழ் அதன் தொடர்ச்சி. வாரந்தோறும் புதன்கிழமை வெளிவரும் வழமையான இதழும், வேண்டும்போது வெளிவரும் சிறப்பிதழும் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் பொறுப்பில் உள்ளன. நான்காம் பகுதியின் முதற் பிரிவு சட்டமுன்வடிவுகளையும் இரண்டாம் பிரிவு சட்டங்களையும் அவசரச் சட்டங்களையும் தாங்கி வருகின்றது. இதழின் முகப்பில் ஆங்கில நாளோடு தமிழ் நாளும் திருவள்ளுவர் ஆண்டும் இடம்பெறுகின்றன.

அரசிதழின் வருகையால் சட்டத்தின் இருப்பிடம் மாறியது. ஊரின் சுவரிலும் தகட்டிலும் இருந்த பாடம் தலைநகர் அச்சகத்திற்குச் சென்றது. அங்கிருந்து அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நூலகங்களுக்கும் படிகள் பரவின. ஊரை எட்டும் பணி தண்டோராவிடமும் கிராம அலுவலரின் வாய்மொழியிடமும் விடப்பட்டது. நிறுவுதல் அச்சிற்கும் சென்றடைதல் பறைக்கும் எனப் பணிகள் பிரிந்தன. அப்பறையை அடிக்கும் கடமையோ சாதியால் ஒரு சாரார் மீது சுமத்தப்பட்டிருந்தது.

5. சட்டத்தின் மொழி

ஆங்கிலம் அறியாத வழக்குரைஞரும் வழக்காடுவோரும் முன்தீர்ப்புகளை அறிய வழியின்றி இருந்த குறையை நீக்க முனைந்தவர் மாயூரம் முன்சீப் ச. வேதநாயகம் பிள்ளை (1826–1889). 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862 இல் அவர் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாசிரியராகவே பெரிதும் பேசப்படும் அவர், சட்டத்தைச் சென்றடையச் செய்தவராகவும் மதிப்பிடப்பட வேண்டியவர். அரசு செய்ய வேண்டிய பணியைத் தனியொருவர் மேற்கொண்டதன் தொடக்கம் அது.

விடுதலைக்குப் பின், 1956 ஆம் ஆண்டின் 39 ஆம் சட்டம் தமிழை மாநில ஆட்சிமொழியாக்கியது. ஆட்சிச் சொல் அகராதி 1957 இல் வெளிவந்தது. அரசமைப்பின் 348(3) ஆம் உறுப்பின்படி, மாநிலச் சட்டமன்றம் ஆங்கிலமல்லாத மொழியைச் சட்டங்களுக்கென வகுத்திருப்பின், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் அதிகாரமுறைப் பாடமாகக் கொள்ளப்படும். மன்றத்தில் பேசப்பட்டு நிறைவேறும் தமிழ்ப் பாடத்தின் அருகில், உயர்நீதிமன்றத்தில் எடுத்தாளப்படும் ஆங்கிலப் பாடம் ஒன்று இவ்வாறு நிற்கின்றது. ஒரு சட்டத்தின் இரு பாடங்களுக்கும் இடையே சொற்பொருள் நுண்மைகள் வேறுபடின் அது குடிமகனின் உரிமையைத் தொடும். ‘செய்யலாம்’, ‘செய்தல் வேண்டும்’ என்னும் முடிபுகளுக்கிடையே உள்ள தொலைவு விருப்புரிமைக்கும் கடமைக்கும் இடையே உள்ள தொலைவாகும். இவ்விரு பாடங்களையும் ஒப்புநோக்கி ஆராய்வது தமிழ்த்துறைகளுக்குரிய களம்.

நாடாளுமன்றச் சட்டங்களின் நிலை வேறு. மையச் சட்டங்களின் அதிகாரமுறைப் பாடங்கள் குறித்த 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் மாநில மொழிபெயர்ப்பு அம்மொழியில் அதிகாரமுறைப் பாடமாகின்றது. அவ்வாறு வெளியாகாத சட்டத்தின் தமிழாக்கம் எத்துணைச் செம்மையுடையதாயினும் அத்தகுதி பெறாது.

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவும் இங்குக் கருதத்தக்கது. சட்டமன்றச் சட்டத்தை விளக்கவுரையுடனோ வேறு மூலப்படைப்புடனோ சேர்த்து வெளியிடுவது உரிமை மீறலாகாது என அது கூறுகின்றது. ஒரு சட்டத்தின் தமிழாக்கத்தை அரசு வெளியிடாதபோதும், வெளியிட்டது விற்பனைக்குக் கிடைக்காதபோதும், அரசின் ஏற்புப் பெறாத மொழிபெயர்ப்பு என்னும் குறிப்புடன் பிறர் வெளியிடலாம் எனவும் இசைவளிக்கின்றது. வேதநாயகம் பிள்ளை மேற்கொண்டதை ஒத்த முயற்சிக்குச் சட்டமே வாயில் திறந்துள்ளது.

6. நீதிமன்றங்களின் நோக்கு

வெளியிடப்படாத சட்டம் சட்டமாகுமா என்னும் வினாவிற்கு உச்சநீதிமன்றம் 1951 இல் ஹர்லா வழக்கில் விடை கூறியது. ஜெய்ப்பூர் அமைச்சரவை 1923 இல் ஒரு தீர்மானத்தின் வழி அபினிச் சட்டத்தை இயற்றியிருந்தது; ஆயினும் அது எவ்வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அச்சட்டத்தின்கீழ் ஹர்லாவிற்கு விதித்த தண்டனை செல்லாது என நீதிமன்றம் தீர்த்தது. மக்கள் அறியாத, அறிய வழியும் இல்லாத சட்டத்தால் அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்பது அத்தீர்ப்பின் உயிர்நிலை. வெளியீடு இங்குச் சென்றடைதலோடு இணைத்து நோக்கப்பட்டது.

பிற்காலத் தீர்ப்புகளில் அழுத்தம் நிறுவுதலின் பக்கம் நகர்ந்தது. சுங்கவரி அறிவிக்கை ஒன்று பற்றிய கணேஷ் தாஸ் போஜ்ராஜ் வழக்கில், அரசிதழில் வழமையான முறையில் வெளியாவதே போதும், இதழ் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்ததா எனப் பார்க்க வேண்டியதில்லை என 2000 இல் உச்சநீதிமன்றம் கூறியது. நிருவாகத்தின் உறுதிப்பாட்டிற்கு இவ்விதி இன்றியமையாதது. ஒவ்வொரு குடிமகனும் இதழைக் கண்டான் என மெய்ப்பிக்குமாறு அரசைக் கேட்டால் எச்சட்டமும் நடைமுறைக்கு வாராது. ஆயினும், சென்றடையாமையின் இழப்பு முழுவதையும் குடிமகனே ஏற்க நேரும் நிலையை இவ்விதி உருவாக்கியுள்ளது என்பதையும் மறுத்தற்கில்லை.

மின்னரசிதழ்க் காலத்தில் இவ்வினா நொடிக்கணக்கில் எழுந்தது. 2019 பிப்ரவரி 16 ஆம் நாளிட்ட வரி உயர்வு அறிவிக்கை அன்றிரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு மின்னரசிதழில் ஏற்றப்பட்டது. அன்று அதற்கு முன்பே சுங்க ஆவணம் அளித்தோருக்கு அவ்வுயர்வு பொருந்தாது என 2020 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாள் என்னும் அளவு நொடி என்னும் அளவாக நுண்மையுற்றது. நிறுவுதல் எய்திய உச்சம் இது.

7. மன்னார் வளைகுடா: சென்றடைதலின் உரைகல்

கயத்தாறு உள்நாட்டு ஊர். அதே மாவட்டத்தின் கிழக்கெல்லையோ முத்தும் சங்கும் விளைந்த மன்னார் வளைகுடா. கடலோர மக்களின் அன்றாடத் தொழிலை அறிவிக்கைகள் நேரடியாக ஆள்வதால், சென்றடைதலைச் சோதிக்கத் தக்க உரைகல் இப்பகுதி.

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983 இல் இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டு, நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை உள்ளது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986 இல் அறிவிக்கப்பட்டன. கடலட்டைகள் 2001 இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தலைமுறைகளாகக் குளித்து எடுத்த பொருள் ஓர் அறிவிக்கையால் குற்றப்பொருளாயிற்று. மூழ்கி எடுப்பவரின் கைக்கும் சிறைக்கும் இடையே நிற்பது அரசிதழின் ஒரு பக்கமே.

ஆயினும் சென்றடைதலை வற்புறுத்தும் சட்டங்களும் உள்ளன. 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, காப்பகம் அமைக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டபின், அப்பகுதியிலும் அதன் அண்மையிலும் உள்ள ஒவ்வொரு நகரிலும் ஊரிலும் மாவட்ட ஆட்சியர் வட்டார மொழியில் அறிக்கை வெளியிட வேண்டும் எனப் பணிக்கின்றது. 2013 ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அரசிதழ், நாளேடு, ஊராட்சி அலுவலகம், இணையத்தளம் எனப் பலவழி அறிவிப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. 1953 ஆம் ஆண்டு இராஜஸ்தான் நில எடுப்புச் சட்டத்தின்கீழும், அரசிதழில் வெளியானால் மட்டும் போதாது, உரிய ஊரில் பொது அறிவிப்புச் செய்தாக வேண்டும் என 1967 இல் கூப் சந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. நிலத்தை எடுக்கும் சட்டத்திற்கு இத்துணைப் பாதுகாப்பு இருக்குமாயின், தொழிலை எடுக்கும் அறிவிக்கைக்கும் அது பொருந்துவதே முறை.

8. மின்னரசிதழ்: திறப்பும் தடையும்

நடுவணரசு 2015 அக்டோபர் முதல் அரசிதழை அச்சிடுவதைக் கைவிட்டு மின்வெளியீட்டிற்கு மாறியது. தமிழ்நாடு அரசிதழும் இணையத்தில் கிடைக்கின்றது. கயத்தாற்றிலிருந்து ஒருவர் கைப்பேசியில் அன்றைய சிறப்பிதழைத் திறக்க இயலும் என்பது முன்னெக்காலத்தும் இல்லாத வாய்ப்பு. எனினும் கிடைத்தலும் சென்றடைதலும் ஒன்றல்ல. தேடுவதைத் தேடத் தெரிந்தவரே இணையத்தில் பெறுவர். தகடு வழிப்போக்கரின் கண்ணில் தானே பட்டது. மின்னிதழ் அவ்வாறு படுவதில்லை.

தமிழுக்கே உரிய தடை ஒன்றும் உண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளிலும், பக்கத்தைப் படமாகப் பிடித்த கோப்புகளிலும் தமிழ்ச் சொல்லைத் தேடிக் காண்பது இயலாது. ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010 இல் தரமாக ஏற்றது. அத்தரத்திற்கு முற்பட்ட பாடங்கள் மாற்றப்படும் வரை அவை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாதனவாகவே நிற்கும்.

மின்பாடத்தின் நம்பகத்தன்மை மற்றொரு சிக்கல். அமெரிக்காவில் 2011 இல் வகுக்கப்பட்ட ஒருசீர் மின் சட்ட ஆவண மாதிரிச் சட்டம், ஏற்கும் மாநிலங்களுக்கு மூன்று கடமைகளை வகுத்தது: பாடம் மாற்றப்படாதது என உறுதி செய்தல், அழியாது பேணல், பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்து வைத்தல். இவற்றோடு மொழி என்னும் நான்காவதையும் சேர்ப்பதே தமிழகச் சூழலுக்குப் பொருந்தும்.

ஊர்வரை எட்டிய தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொண்டார்; ஊர்திகளில் ஒலிபெருக்கி வழி அறிவிக்கலாம் எனவும் சுட்டினார். சாதியிழிவு சார்ந்த ஒரு கடமை நீங்கியது வரவேற்கத்தக்கது. பறை நின்றாலும் அது ஆற்றிய பணி நிற்கலாகாது. அப்பணியை எவர் தோளிலும் சுமத்தாது அரசே ஏற்பதுதான் அவ்வாணையின் முழுமை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கல்லிலும் தகட்டிலும் ஒன்றியிருந்த நிறுவுதலும் சென்றடைதலும் அரசிதழின் வருகையோடு பிரிந்தன. இரண்டாவதாக, நீதிமன்றங்கள் வெளியீட்டின் கணத்தை நொடிவரை வரையறுத்துள்ளன. அது எவரிடம் சென்றது என்பதைச் சில சட்டங்களின் அளவிலேயே வற்புறுத்தியுள்ளன. மூன்றாவதாக, சட்டத்தின் தமிழ்ப் பாடம் சென்றடைதலின் துணைக்கருவி அன்று, அதன் முதற்கூறு.

இவற்றின் வழிச் சில பரிந்துரைகள் எழுகின்றன. வாழ்வாதாரத்தைத் தொடும் அறிவிக்கைகளுக்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவை ஒத்த ஊர்நிலை அறிவிப்பு விதியாக வேண்டும். ஊராட்சி அலுவலகமும் மீன் இறங்குதளமும் அதற்குரிய இடங்கள். நடப்பிலுள்ள மாநிலச் சட்டங்களின் திருத்தங்கள் இணைந்த தமிழ்ப் பாடங்கள் ஒருங்குறியில் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். அரசமைப்பின் 210 ஆம் உறுப்பு சட்டமன்ற அலுவல் மாநில ஆட்சிமொழியில் நடைபெற இடமளிப்பதால், மன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் அச்சட்டப் பாடங்களோடு இணைத்தால் ஒரு சொல் ஏன் அவ்வாறு ஆளப்பட்டது என அறிய இயலும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் பதிப்புரிமைச் சட்டம் திறந்துள்ள வாயிலைப் பயன்கொண்டு, தமிழாக்கம் பெறாத சட்டங்களை விளக்கவுரையுடன் வெளியிடலாம்.

கயத்தாற்றில் ஆணையிட்ட அரசு மக்களைக் குடிகளாக நோக்கியது, குடிமக்களாக நோக்கவில்லை. அது தன் ஆணையை ஊர்வரை அனுப்பியது அச்சுறுத்துவதற்காக. மக்களாட்சி தன் சட்டத்தை ஊர்வரை அனுப்ப வேண்டியது, அச்சட்டம் அவர்களுடையது என்பதற்காக.